உப்புக்குப் பழகிய மஞ்சள்

பையை மடியில வெச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படுறீங்க, இந்தக் கம்பியில மாட்டிருங்க. மதுரைதானே? நானும் மாட்டுத்தாவணிதான். சங்கரன்கோவில்ல ஏறுனேன், அங்க இருந்து பக்கத்து சீட்டு காலியாவே வந்துச்சு. ராஜபாளையத்துல நீங்க ஏறுனது நல்லதாப் போச்சு. வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா எனக்குத் தலைவலி வந்துரும். அதுவும் இன்னைக்கு.

ஒண்ணு கேக்கட்டுமா? ஒருத்தன் ஒரு தப்புப் பண்ணிட்டான். யாரும் அவனைப் பிடிக்கல, யாரும் கேக்கல. அவனாவே நூறு கிலோமீட்டருக்கு மேல பஸ் ஏறிப் போயி, நேர்ல நின்னு, நான்தாம்மா செஞ்சேன்னு சொல்றான். அப்படிச் சொன்னவனுக்கு 'பரவாயில்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லணுமா, வேண்டாமா? மன்னிக்கக்கூட வேண்டாம் சார். பரவாயில்லண்ணே, டீ குடிங்கன்னு சொல்லலாம்ல.

சொல்லல.

எம் பேரு அருளப்பன். மதுரைக்குப் பக்கத்துல ஒரு காலேஜ், பேரு எதுக்கு, விடுங்க. அங்க பாட்டனி லேபுல இருபத்தேழு வருசமா இருக்கேன். சேரும்போது அட்டெண்டர், இப்ப லேப் அசிஸ்டென்ட். கண்ணாடித் தட்டு கழுவணும், அகர் காய்ச்சணும், பசங்க உடைச்சுப் போட்டதைப் பெருக்கணும். அகர்னா நம்ம கடல்பாசிதான். நோன்புப் பெருநாளுக்கு பாய் வீட்டுல இருந்து கட்டி கட்டியா வருமே, அதேதான், சீனி மட்டும் இருக்காது.

அங்க கோமதின்னு ஒரு புள்ள பிஎச்.டி. பண்ண வந்துச்சு. சங்கரன்கோவில் புள்ள. அவங்க அப்பா வீட்டு முன்கட்டுலயே ஆறு விசைத்தறி ஓட்டுறாரு. தறிச் சத்தத்துல வளந்ததுனால சாதாரணமாப் பேசுனாலே வராண்டா வரைக்கும் கேக்கும். மத்த பசங்க என்னை 'அட்டெண்டர்'னுதான் கூப்பிடுவாங்க. இது முதல் நாளே 'அண்ணே'ன்னுச்சு. நானும் அதை மேடம்னு சொன்னதில்ல. கோமதிம்மா, அவ்வளவுதான்.

அது படிச்சது எதைப் பத்தின்னு சொன்னா சிரிப்பீங்க. சளிப்பூஞ்சை. பேருலதான் பூஞ்சை, ஆனா பூஞ்சை கெடையாது. செடியும் இல்ல, பிராணியும் இல்ல. மழைக்கப்புறம் மக்கிப்போன மரத்துல மஞ்சளா, வழவழன்னு பரவிக் கெடக்கும். நீங்களும் பாத்திருப்பீங்க, நாய் வாந்தின்னு நினைச்சுத் தாண்டிப் போயிருப்பீங்க. நானும் அப்படித் தாண்டிப் போனவன்தான். அது நகரும் சார். நாம பாத்துக்கிட்டு இருந்தா தெரியாது. காலையில வெச்ச இடத்துல சாயங்காலம் இருக்காது. மூளை கெடையாது, கண்ணு கெடையாது, நரம்புன்னு ஒண்ணு கெடையாது. ஓட்ஸை எங்க வெச்சாலும் தேடிப் போயிரும். ரெண்டு வழி விட்டா கிட்டத்து வழியில போகும்.

இதைத் தேடிச் சிறுமலைக்குப் போனோம். கோமதி, அதோட கைடு தனுஷ்கோடி சார், நான், ஜீப்பு டிரைவர். சார்தான் எங்க டிபார்ட்மெண்டுக்குத் தலைவரு. அவரு ஜீப்பை விட்டு இறங்கல, அட்டை கடிக்கும்னு. இந்தப் புள்ள ஈரச் சருகுல குப்புறப் படுத்து, ஒரு கையில லென்ஸு, ஒரு கையில பேனாக்கத்தி, செத்த மரத்தோட அடிவயித்தைப் பாத்துக்கிட்டே அரை மணி நேரம் கெடந்துச்சு. பாம்பு இருக்கும், எந்திரிம்மான்னேன். காதுலயே வாங்கல. அப்புறம் எந்திரிச்சு, கழுத்துல அட்டை தொங்குது, அது தெரியாம சிரிக்குது. கெடைச்சிருச்சுண்ணேன்னு. அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் கல்யாண வீட்டுலகூடப் பாத்ததில்ல.

அது என்ன பண்ணுச்சுன்னா, அந்த மஞ்சளை ரெண்டு வரிசையாப் பிரிச்சுச்சு. ஏ ஆறு தட்டு, பி ஆறு தட்டு. ஏ-க்கு தினமும் ஒரு பரீட்சை. இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் ஓட்ஸு, நடுவுல கடல்பாசியில ஒரு சின்னப் பாலம், பாலத்துல உப்பு. இதுக்கு உப்புன்னா ஆகாது. முதல் நாள் பாலத்துக்கிட்ட வந்து நின்னுரும். மணிக்கணக்கா யோசிச்சு, கடைசியில நூலு மாதிரி ஒல்லியா ஒரு விரலை நீட்டித் தாண்டும். அடுத்த நாள் கொஞ்சம் சீக்கிரம். ஒரு வாரத்துல உப்பைச் சட்டையே பண்ணாது, அகலமா, ஜம்முனு போகும். உப்பு ஒண்ணும் செய்யாதுன்னு கத்துக்கிருச்சாம். பி-க்கு உப்பு காட்டவே இல்ல, வெறும் பாலம். கோமதி எனக்கு விளக்கிச் சொன்னது இன்னும் காதுல இருக்கு. "ஏ பள்ளிக்கூடம் அனுப்புன புள்ளண்ணே, பி அனுப்பாத புள்ள. அம்புட்டுதான்." அப்புறம் உப்பை நிறுத்திட்டு, கொஞ்ச நாள் விட்டு, மறுபடி வெச்சுப் பாக்கும். படிச்சது மறந்துருச்சா, ஞாபகம் இருக்கான்னு. மூளை இல்லாத ஒண்ணுக்கு ஞாபகம் எங்க இருக்கும்? அதான் அதோட மொத்தக் கேள்வியும்.

ஞாபகம் இருந்துச்சு சார். நாப்பது நாள் விட்டு வெச்சுச்சு, ஏ நேரா உப்பைத் தாண்டிப் போச்சு. மூணு தடவை புதுசு புதுசாப் பழக்கி, மூணு தடவையும் அப்படித்தான், கடைசித் தடவை நாலு மாசம் விட்டுக்கூட. நான் கூடவே இருந்தேன், கடிகாரத்தைப் பாத்து நேரம் சொன்னதே நான்தான். தனுஷ்கோடி சார் முதல்ல நம்பல, அப்புறம் நம்பிட்டாரு. எங்கயோ வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கட்டுரை போச்சு. முதல் பேரு சாரோடது. அதெல்லாம் வழக்கந்தான்.

அப்பத்தான் லாக்டவுன் வந்துச்சு. கோமதி நாலு நாள் லீவுல ஊருக்குப் போயிருந்துச்சு, அங்கேயே மாட்டிக்கிருச்சு. லேபைப் பூட்டப் போறாங்கன்னதும் எனக்கு போன். அழுதுச்சு. ஏ வரிசைக்கு அப்பத்தான் நாலாவது தடவையாப் பழக்கி முடிச்சிருந்துச்சு. தட்டையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு போயி, உசுரோட மட்டும் வெச்சிருங்கண்ணே, உப்பு எதுவும் காட்ட வேண்டாம், ஓட்ஸு போட்டு ஈரம் காயாம பாத்துக்கிட்டா போதும், எத்தனை நாள் ஆகுதோ அத்தனை நாள் கழிச்சு சோதிக்கிறேன்னுச்சு. ஒரு வகையில பாத்தா லாக்டவுனே அதுக்குப் பெரிய பரீட்சையா அமைஞ்சு போச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு: ஏ-யும் பி-யும் ஒண்ணோட ஒண்ணு தொடக் கூடாது. தொட்டா ரெண்டும் சேந்து ஒண்ணாயிரும்.

செருப்பு டப்பாவுல ரெண்டு அடுக்கா வெச்சு, டிவிஎஸ் முன்னாடி மாட்டிக் கொண்டு வந்தேன். வழியில போலீஸ்காரரு நிறுத்தித் தொறக்கச் சொன்னாரு. தொறந்தேன். மஞ்சளா, ஈரமா இருக்குறதைப் பாத்தவரு நாலடி பின்னாடி போயி, போ போன்னு லத்தியை ஆட்டுனாரு. நோயையே டப்பாவுல அடைச்சுக் கொண்டு போறேன்னு நினைச்சுட்டாரு போல.

எங்க வீட்டுல பிலோமி, எம் பொண்டாட்டி, ஒரே சண்டை. சமைக்கிற வீட்டுல இதையா வெக்கிறதுன்னு. பி-யை அடுப்படியில தண்ணிக் குடத்துக்குப் பின்னாடி வெச்சேன், அங்க இருட்டு, குளிர்ச்சி. ஏ-யைத் தள்ளி வெக்கணுமே, கட்டிலுக்கு அடியில தகரப் பெட்டிக்குள்ள வெச்சேன். தினமும் காலையில ஓட்ஸு, ஒரு சொட்டுத் தண்ணி, போன்ல போட்டோ எடுத்து கோமதிக்கு அனுப்பணும், நோட்டுல எழுதணும். தேதி, ஏ நல்லா இருக்கு, பி நல்லா இருக்கு. அது உடனே 'நன்றிண்ணே'ன்னு போட்டு ஒரு சூரியகாந்திப் பூ அனுப்பும். பொய் சொல்லல சார், எனக்கு அதுங்க மேல ஒரு பாசமே வந்துருச்சு. வெளிய போக முடியாத காலத்துல, நம்ம வீட்டுல அது ஒண்ணுதான் தெனம் எங்கயாவது போயிட்டு வந்துச்சு.

மே மாசம். எப்பேர்ப்பட்ட வெயிலுன்னு உங்களுக்கே தெரியும். அந்தச் சமயத்துல மூணு நாள் எனக்கு உடம்பு சரியில்ல. காய்ச்சல். ஏ-யைப் பாக்கவே இல்ல, பழைய போட்டோவையே அனுப்பி, நோட்டுல வழக்கம்போல எழுதிட்டேன். அடுப்படியில இருந்த பி-க்கு மட்டும் பிலோமி மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு சொட்டு விட்டிருக்கா. நாலாவது நாள் தகரப் பெட்டியைத் தொறந்தேன். உள்ள சூடு, கை வெக்க முடியல. ஆறு தட்டுலயும் மஞ்சள் இல்ல. காஞ்சு, ஆரஞ்சு நிறத்துல, பொருக்கு தட்டி ஒட்டிக் கெடக்கு. நகத்தால சுரண்டுனா உதிருது.

செத்துப் போச்சு. அன்னைக்கு போட்டோ அனுப்பணுமே. பி-யை ரெண்டு கோணத்துல எடுத்து, ஒண்ணை ஏ-ன்னு போட்டேன். சூரியகாந்திப் பூ வந்துச்சு. அதைப் பாத்ததும் இன்னும் பயமாயிருச்சு. மறுநாள் பொருக்கையெல்லாம் சுரண்டிச் சாக்கடையில கொட்டிட்டு, தட்டைக் கழுவி, புதுசாக் கடல்பாசி காய்ச்சி ஊத்தி, பி-யில இருந்து ஆளுக்கு ஒரு துண்டு வெட்டி ஆறு தட்டுலயும் வெச்சேன். ரெண்டே நாள். தட்டு நெறைய மஞ்சள். எது ஏ, எது பி, யாருக்கும் தெரியாது. ரெண்டும் ஒரே மரத்துல எடுத்ததுதானே, ஒரு வயித்துப் புள்ளைங்கதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். உண்மையைச் சொன்னா, கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. ஒரு காரியத்தைக் கெட விடாம காப்பாத்திட்டோமேன்னு. நோட்டுல விடாம எழுதுனேன். ஏ நல்லா இருக்கு.

பள்ளிக்கூடம் போன புள்ள, போகாத புள்ள, அதெல்லாம் அப்ப எனக்குத் தோணல. தோணியிருக்கணும்னு சொல்வீங்க. தோணல.

ஜூலையில இ-பாஸ் வாங்கி கோமதி வந்துச்சு. ஊருல இருந்து பிலோமிக்கு அவங்க தறியில நெய்ஞ்ச சேலை ஒண்ணு. டப்பாவைத் தொறந்து, முகமூடியைக் கீழ இறக்கி, தட்டுக்கிட்ட முகத்தைக் கொண்டு போயிப் பாத்துச்சு. வளத்த தாயைவிட நல்லா வளத்திருக்கீங்கண்ணேன்னுச்சு. அப்பவாவது சொல்லியிருக்கலாம். சேலையைக் கையில வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?

மறுநாள் பாலம் போட்டுச்சு. ஏ ஊந்து ஊந்து வந்து, உப்பு பட்ட இடத்துல நின்னுருச்சு. பி எப்படி நிக்குமோ அப்படியே. கோமதி விடல. மறுநாளும் வெச்சுச்சு. உப்பு அளவை மாத்தி வெச்சுச்சு, புதுத் தட்டு, புது ஓட்ஸு. பன்னெண்டு நாள் சார். சோறு லேபுலயே. நான் டிபன் வாங்கிட்டு வந்து வெச்சா சாயங்காலம் அப்படியே இருக்கும். ஒரு நாள் நான் தட்டு கழுவிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல வந்து நின்னு மெதுவாக் கேட்டுச்சு. அது மெதுவாப் பேசி நான் கேட்டதே அன்னைக்குத்தான்.

"அண்ணே, வீட்டுல இருக்கையில ரெண்டும் எங்கயாவது தொட்டுச்சா? இல்ல, தட்டு எதுவும் மாறிப் போச்சா? மாறியிருந்தா பரவாயில்லண்ணே. சொல்லிருங்க, நான் மறுபடி முதல்ல இருந்து பண்ணிக்கிறேன்."

இல்லவே இல்லம்மான்னேன். நோட்டைப் பாருன்னேன். நோட்டைத்தான் நானும் பாக்குறேன்னுச்சு.

அப்புறம் தனுஷ்கோடி சார் ரூம்ல நடந்தது. நான் டீ கொண்டு போயி கதவுக்கிட்ட நின்னுட்டேன். அவரு கத்தல, கத்துற ஆளு இல்ல. இப்ப வர்ற முடிவு சரின்னா முன்னாடி வந்த மூணும் தப்பு, அப்ப முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேட்டாரு. நீ ஆசைப்பட்ட முடிவு வர்றதுக்குத் தட்டுல கை வெச்சியான்னு கேட்டாரு. கோமதி இல்ல சார்னுச்சு. திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லுச்சு. கடைசியில, எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்னுச்சு. கட்டுரையை அவரு திரும்ப வாங்கிட்டாரு. வேற தலைப்பு எடு, இல்லாட்டி வேற கைடு பாருன்னு சொல்லிட்டாரு. அதுக்கு ஸ்காலர்ஷிப் முடியப்போற நேரம். டீ ஆறிப் போச்சு, நான் அப்படியே திருப்பிக் கொண்டு வந்துட்டேன்.

அந்தக் கதவுக்கிட்டத்தான் எனக்குப் புரிஞ்சுது, நான் என்ன பண்ணியிருக்கேன்னு. உள்ள போயிச் சொல்லலாம்னு ஒரு நிமிசம் நினைச்சேன். அசிஸ்டென்ட் பதவிக்கு என் ஃபைலு அவரு மேசையிலதான் இருந்துச்சு. அதுக்காகத்தான் சொல்லலேன்னு நீங்க நினைக்கக் கூடாது. அந்தப் புள்ள ஏற்கெனவே ஒடிஞ்சு போயி நிக்குது. கூடப் பொறந்தவன் மாதிரி நினைச்ச நானே இப்படிப் பண்ணிட்டேன்னு தெரிஞ்சா தாங்குமா? அதை நினைச்சுத்தான் வாயை மூடிக்கிட்டேன்.

நவம்பர்ல கோமதி போயிருச்சு. போகும்போது பன்னெண்டு தட்டையும் எங்கிட்டக் குடுத்து, கழுவிருங்கண்ணேன்னுச்சு. கழுவுனேன். எனக்கு அந்த ஜனவரியில அசிஸ்டென்ட் ஆர்டர் வந்துச்சு. கோமதி அவங்க ஊருல ஒரு ஸ்கூல்ல பிளஸ் டூவுக்கு பாட்டனி எடுக்குதுன்னு கேள்விப்பட்டேன்.

மூணு வருசம். ராத்திரி தூக்கம் கெட்டுச்சு அது இதுன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன், நல்லாத்தான் தூங்குனேன். ஆனா ஓட்ஸு டப்பாவைப் பாத்தா ஒரு மாதிரி இருக்கும். இந்த மே மாசம் தனுஷ்கோடி சார் ரிட்டையர் ஆனாரு. மாலையெல்லாம் போட்டு அனுப்பிட்டு வந்தோம். அதுல இருந்துதான் என்னமோ மனசு கேக்கல. போயிச் சொல்லிரணும், சொல்லிரணும்னு ஒரே அரிப்பு. ஏன் இத்தனை நாள் இல்லாம இப்ப வந்துச்சுன்னு எனக்கே தெரியல. பிலோமிகிட்டச் சொன்னேன். அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, அந்தச் சேலையை நான் எத்தனை தடவை கட்டியிருக்கேன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா.

இன்னைக்குக் காலையில கெளம்பிட்டேன். சனிக்கிழமை, ஸ்கூல் அரை நாள்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் நின்னப்ப ஒரு கிலோ பால்கோவா வாங்குனேன். வெறுங்கையோட போகக் கூடாதுல்ல.

வீட்டுல ஆறு தறியும் ஓடுது. கோமதி என்னைப் பாத்ததும் 'அண்ணே'ன்னு எந்திரிச்சு வந்துச்சு. அதே சிரிப்பு, ஆள் மட்டும் கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. உக்காரச் சொல்லி, தண்ணி குடுத்து, பிலோமியை விசாரிச்சுச்சு. நான் எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, மே மாசம் ஏ வரிசை செத்துப் போச்சும்மா, நான்தான் பி-யை வெட்டி வெச்சேன்னு சொன்னேன். அதுக்குக் கேக்கல. டக்கடக்க டக்கடக்கன்னு தறி. என்னண்ணேன்னுச்சு. மறுபடி சொன்னேன். கேக்கல. மூணாவது தடவை கத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு சார். அந்த மாதிரி விசயத்தைக் கத்திச் சொல்றது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அவங்க அப்பா தறியில இருந்து திரும்பிப் பாத்தாரு.

கோமதி எந்திரிச்சு, பின்பக்கம் வாங்கண்ணேன்னு கூட்டிட்டுப் போச்சு. கொல்லையில துவைகல்லுக்கிட்ட நின்னோம். திட்டும், அழும், கையில கெடைச்சதைத் தூக்கி எறியும்னு எல்லாத்துக்கும் தயாராத்தான் போனேன். அது ஒவ்வொண்ணாக் கேள்வி கேட்டுச்சு. லேபுல குறிப்பு எடுக்குமே, அந்தக் குரல்ல.

"ஆறு தட்டுமா?"

ஆமா.

"கறுத்து, நாறி, கூழாப் போச்சா? இல்ல, காஞ்சு பொருக்கா இருந்துச்சா?"

பொருக்குதாம்மா, ஆரஞ்சு நிறம், சுரண்டுனா உதிருச்சுன்னேன்.

கோமதி துவைகல்லுல உக்காந்துருச்சு.

"அது சாகலண்ணே. தண்ணி இல்லேன்னா அப்படித்தான் தூங்கும். வருசக்கணக்காத் தூங்கும். ரெண்டு சொட்டு விட்டிருந்தா மறுநாள் எந்திரிச்சிருக்கும்."

எனக்கு எப்படித் தெரியும் சார்? யாராவது சொல்லியிருந்தாத்தானே? காய விடாதீங்கன்னு சொல்லுச்சே தவிர, காஞ்சா என்ன ஆகும்னு சொல்லலையே. அதைச் சொல்லவும் செஞ்சேன். நீ அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தீன்னா இந்த வம்பே இல்லையேம்மான்னேன். அது என்னை நிமிந்து பாத்துச்சு. ஆமாண்ணே, சொல்லலன்னுச்சு.

அப்புறம் உள்ள போயி ஒரு நோட்டை எடுத்துட்டு வந்துச்சு. நான் எழுதுன நோட்டு. மூணு வருசமா வெச்சிருக்கு. மே மாசப் பக்கத்தைத் திருப்பி, எந்தத் தேதியில இருந்துன்னு கேட்டுச்சு. பாக்குறேன், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, உருண்டை உருண்டையா என் எழுத்து. ஏ நல்லா இருக்கு. ஏ நல்லா இருக்கு. எது நெசம், எது பொய்னு எனக்கே கண்டுபிடிக்க முடியல. பத்துக்கு மேல, பதினஞ்சுக்குள்ளன்னு குத்துமதிப்பாச் சொன்னேன். காய்ச்சல்னா மாத்திரை வாங்கியிருப்பீங்களே, தேதி ஞாபகம் வரலையான்னு கேட்டுச்சு. லேசான காய்ச்சல்தாம்மா, வாங்கலன்னேன்.

உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாடியில சீட்டாட்டம். பக்கத்து வீட்டுக்காரங்க நாலு பேரு, மூணு நாளு, சாப்பிட மட்டும் கீழ வந்தேன். அதை எப்படி அதுகிட்டச் சொல்றது? வந்ததே உண்மையைச் சொல்லத்தான், சொல்லிட்டேன். இந்தச் சின்ன விசயத்தால என்ன மாறிரப் போகுது?

நோட்டை மூடிட்டு அது சொன்னதுதான் சார், எனக்கு இன்னும் நெஞ்சுக்குள்ள நிக்குது.

"மூணு வருசமா நான் என்னையே நம்பலண்ணே. முன்னாடி மூணு தடவை நான்தான் என்னமோ பண்ணிட்டேன், எனக்கே தெரியாம பண்ணிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். கிளாஸுல பசங்களுக்கு மைக்ராஸ்கோப்புல காட்டும்போதுகூட, இது நெசமாவே இங்க இருக்கா, இல்ல நான் ஆசைப்படுறதுனால தெரியுதான்னு ரெண்டு தடவை பாப்பேன்."

நான் அழுதுட்டேன். அது அழல. பரவாயில்லன்னு சொல்லும்னு பாத்தேன். சொல்லல. எழுதித் தாங்கண்ணேன்னுச்சு. என்ன நடந்துச்சோ அதைத் தேதியோட எழுதிக் கையெழுத்துப் போடுங்க, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, மறுபடி பண்ண விடுவீங்களான்னு கேக்கப் போறேன்னுச்சு. கண்ணாடி கொண்டு வரலம்மான்னேன். நான் எழுதுறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கன்னுச்சு. இல்லம்மா, வீட்டுக்குப் போயி நிதானமா எழுதி அனுப்புறேன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பாத்துச்சு. உள்ள போயி ஒரு வெள்ளைத்தாளும், விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டுன கவரும் கொண்டு வந்து குடுத்துச்சு. வாசல் வரைக்கும் வந்துச்சு. போயிட்டு வாங்கன்னு சொல்லல. பால்கோவா மேசை மேல பிரிக்காம அப்படியே கெடந்துச்சு.

இதுதான் சார். இந்தா, கவரு சட்டைப் பையிலதான் இருக்கு. எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்கு. இதை எழுதிக் குடுத்தா கூப்பிட்டு விசாரிப்பாங்களா, மாட்டாங்களா? ரிட்டையர் ஆன பெறகு எழுதுனா என்ன? உண்மை எங்க ஓடிப் போயிருது? அது பாட்டுக்கு இருக்கும்ல?

ஏன் அப்படிப் பாக்குறீங்க. அதுவும் இப்படித்தான் பாத்துச்சு.

திருமங்கலம் வந்துருச்சு. ரயில்வே கேட்டைப் போட்டுட்டான், ரெண்டு வண்டி போகணும், எப்படியும் கால் மணி நேரம் ஆகும். பேனாவா? பேனா என்கிட்டயே இருக்கு சார். கண்ணாடியும் பையிலதான் இருக்கு. அதை ஏன் கேக்குறீங்க.

சரி. உங்க கையில இருக்குற வாரப் பத்திரிகையை இப்படிக் குடுங்க, அடியில வெச்சுக்கிறேன்.

'மே மாதம் பத்தாம் தேதிக்கும் பதினைந்தாம் தேதிக்கும் இடையில், மூன்று நாட்கள், எனக்கு'ன்னு எழுதிட்டேன். எனக்கு என்ன? காய்ச்சல்னுதான் அதுகிட்டச் சொல்லியிருக்கேன். மாத்தி எழுதுனா, அங்க நின்னு சொன்னதும் பொய்னு ஆயிரும். இத்தனை தூரம் போயி அதுலயும் ஒரு பொய்யான்னு நினைக்கும்.

நினைக்கட்டும். 'எனக்கு'ங்கறதை அடிச்சிட்டேன். 'நான் மாடியில் சீட்டாடிக்கொண்டிருந்தேன்.' எழுத்து நல்லா இல்லேல்ல? இதுக்கு மேல எழுதுறதுதான் கஷ்டம், கொஞ்சம் சும்மா இருங்க.

கேட்டைத் தூக்கிட்டான். பரவாயில்ல, குலுங்குனாலும் எழுதிருவேன். இன்னும் நாலு வரிதான். இந்தக் கையெழுத்துப் போட்டேன்னா முடிஞ்சுது.

சார், ஒரு உபகாரம். இதை ஒட்டிக் குடுத்துர்றேன், மாட்டுத்தாவணியில இறங்குனதும் தபால் பெட்டியில நீங்களே போட்டுருங்க. எங்கிட்டக் குடுக்காதீங்க, நான் கேட்டாலும் குடுக்காதீங்க. என் பையில இருந்தா வீட்டுக்கு வந்துரும்.